உருகிப்போன டாலர்களும் நம் வெள்ளி ரூபாயும்

பழைய அமெரிக்க வெள்ளி டாலருக்கு விலை மதிப்பிட விரும்புவோர் பலரும் முதலில் தேடுவது, எந்த ஆண்டில் எத்தனை நாணயங்கள் அடிக்கப்பட்டன என்னும் பட்டியலைத்தான். மார்கன் டாலரைப் பொறுத்தவரை அப்பட்டியல் பாதி வரலாற்றையே சொல்லும். அடிக்கப்பட்டவற்றுள் எத்தனை உருக்கப்பட்டன என்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குக் காரணம் இந்தியா.

1878 பிப்ரவரியில், அதிபர் ஹேய்ஸின் மறுப்பையும் மீறி, பிளாண்டு-அல்லிசன் சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசே வாங்கி நாணயமாக அடிக்க வேண்டும் என்று அது பணித்தது. சுரங்க முதலாளிகளின் வெள்ளிக்குச் சந்தை வேண்டியிருந்தது. மக்களுக்கு அத்தனை நாணயம் வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் பிறந்த செதுக்குக் கலைஞர் ஜார்ஜ் மார்கன், பிலடெல்பியாவின் பள்ளி ஆசிரியை அன்னா வில்லியம்ஸின் முகச்சாயலில் விடுதலைத் தேவியை வடித்தார். 26.73 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அழகிய நாணயம்தான், ஆயினும் அதன் கனத்தைச் சுமக்கப் பலர் விரும்பவில்லை. அதற்கு ஈடான தாள்கள் மக்களிடையே புழங்க, நாணயங்களோ பைக்கு ஆயிரம் வீதம் கட்டப்பட்டுக் கருவூல நிலவறைகளில் உறங்கின.

அவற்றை எழுப்பியது முதல் உலகப் போர். இந்தியாவிலிருந்து பிரிட்டன் பெற்ற பொருள்களுக்கும் படைச் செலவுக்கும் உரிய ஈடு லண்டனில் ஸ்டெர்லிங் கணக்காகச் சேர்ந்தது. இங்கே உழவருக்கும் வணிகருக்கும் சிப்பாயின் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டியதோ வெள்ளி ரூபாய். மெக்சிகோவில் உள்நாட்டுக் கலகத்தால் வெள்ளி உற்பத்தி சரிந்திருந்தது. 1917இல் வெள்ளி விலை அவுன்சுக்கு 43 பென்சைக் கடந்தபோது, ரூபாயின் முகமதிப்பைக் காட்டிலும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு மிகுந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய்த் தாளும் வந்தன. மக்கள் தாள்களைக் கொடுத்து வெள்ளி கேட்டனர். அரசின் கையிருப்பு கரைந்தது.

அமெரிக்க நாணயவியல் நூல்கள் பலவும் இதை ஜெர்மானியரின் வதந்தி என்றும், இந்தியரின் பதுக்கும் பழக்கம் என்றும் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எனக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கேட்டவுடன் நாணயம் தருவதாக வாக்களித்த தாளைக் காட்டி நாணயம் கேட்பது பதுக்கல் ஆகாது.

பிரிட்டன் அமெரிக்காவின் உதவியை நாடியது. 1918 ஏப்ரல் 23 அன்று, நெவாடா மாநிலச் செனட்டர் கீ பிட்மன் பெயரால் அமைந்த சட்டம், 35 கோடி வெள்ளி டாலர்கள் வரை உருக்க இசைவளித்தது. உருக்கப்பட்டவை 27,02,32,722. மார்கன் டாலர்களில் ஏறத்தாழ பாதி! இவற்றுள் சுமார் 25.9 கோடி டாலரின் வெள்ளி, இந்தியாவின் தேவைக்கென அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. டாலரில் தூய வெள்ளி 371.25 கிரெயின், ரூபாயில் 165 கிரெயின். வகுத்துப் பாருங்கள்: உருகிய ஒவ்வொரு டாலரிலும் சரியாக இரண்டே கால் ரூபாய்க்கான வெள்ளி இருந்தது.

உருக்கியவர்கள் எண்ணிக்கையைக் குறித்தார்களே தவிர, எந்த ஆண்டு நாணயம், எந்த நாணயச்சாலையின் நாணயம் என்று குறிக்கவில்லை. சேகரிப்போரின் குழப்பம் அங்கே தொடங்குகிறது. 1895இல் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கென 12,000 அடித்ததாகக் கணக்கேடு சொல்கிறது. இன்றுவரை ஒன்றும் கிடைத்திலது. சேகரிப்போருக்கென மெருகுடன் அடித்த 880 நாணயங்களே அவ்வாண்டின் சான்று. அவற்றின் விலை மிக உயரத்தில் நிற்கிறது. மறுதலையாக, நியூ ஆர்லியன்ஸில் 1903இல் அடித்தவை அனைத்தும் உருகிவிட்டன என்றே பலர் எண்ணியிருந்தனர்; ஒரு நாணயம் ஆயிரம் டாலருக்கும் மேல் மதிப்பிடப்பட்டது. 1962இன் இறுதியில் கருவூலம் பழைய பைகளைத் திறந்தபோது அவை ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. விலை சில பத்து டாலர்களாக வீழ்ந்தது. கார்சன் சிட்டியில் 1884இல் அடித்த 11,36,000 நாணயங்களில் 9.6 லட்சத்துக்கும் மேற்பட்டவை புழங்காமலே கருவூலத்தில் கிடந்து, 1970களில் விற்பனைக்கு வந்தன.

ஆகவே ஒரு மார்கன் டாலர் கைக்கு வந்தால் ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். பின்புறம், கழுகின் கீழுள்ள இலைவளைய முடிச்சுக்கு அடியில் நாணயச்சாலையின் குறியைத் தேடுங்கள்: எஸ் சான் பிரான்சிஸ்கோ, ஓ நியூ ஆர்லியன்ஸ், சிசி கார்சன் சிட்டி, குறியின்றேல் பிலடெல்பியா. 1893இல் சான் பிரான்சிஸ்கோ ஒரு லட்சமே அடித்தது. அதனால் அந்த ஆண்டையும் எஸ் குறியையும் போலியாக்கும் கைகள் மிகுதி. எடையையும் 38.1 மில்லிமீட்டர் விட்டத்தையும் அளப்பது முதற்காப்பு. அதில் தேறிவிட்டாலே அசல் என்று கொள்ளலாகாது. குத்துவிளக்கைப் போல் திருநீறு இட்டுத் துலக்கவும் வேண்டா. துலக்கிய நாணயத்தின் சேகரிப்பு மதிப்பு அப்பொழுதே குறைந்துவிடும்.

மொழியியல் பயின்றவள் என்பதால் ஒரு குறிப்பு. டாலர் என்பது பொகீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்னும் வெள்ளிச் சுரங்க ஊரின் பெயரிலிருந்து வந்த சொல். ரூபாய்க்கு மூலமான வடசொல்லுக்கும் வெள்ளி என்னும் பொருள் உண்டு. சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் டாலரை வெள்ளி என்றே சொல்கின்றனர்.

1918, 1919 ஆண்டு பொறித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் நம் பழம்பொருள் கடைகளில் எளிதில் கிடைக்கும். அத்தனை மிகுதியாக அடிக்கப்பட்டதால் அதன் விலை பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே இருக்கும். அதில் கலந்திருப்பது எந்த ஆண்டின் டாலர் என்று எந்த வல்லுநராலும் சொல்ல இயலாது.