பத்து வெள்ளியும் ஒரு வாக்கும்



மலாக்காத் தோட்டப்புறத்தில் வளர்ந்த நான் என் மாணவர்களுக்குத் தவறாமல் கூறும் வரலாறு இது. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி மறுவிற்பனை செய்தனர். பால்மரம் சீவிய நம்மவர் பலர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருசேர இழந்தனர்.

இதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

பலர் அந்தப் பத்து வெள்ளியையே பேசுவர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஆட்சிமுறை. நிறுவனத்தில் பங்குக்கு ஏற்ப வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரே வாக்கு. கங்காணிக்கும் ஒன்று, மரம் சீவுபவருக்கும் ஒன்று. உறுப்பினர்கள் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பர். பேராளர் கூட்டம் கணக்கை ஆராய்ந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும்.

பெற்றோரின் பங்குச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்து, இலாப ஈவை மட்டும் கேட்பது முறையா? முறைப்படி உறுப்பினராகுங்கள், கூட்டத்திற்குச் செல்லுங்கள், கணக்கைக் கேளுங்கள். கேள்வி கேட்க ஆளில்லாத சங்கத்தில் நிலம் நமதென்பது வெறும் பேச்சே.