கணினித் திரையில் சாளரத்தின் அளவு: குர்ஆன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கணினியில் திறக்கும் ஒவ்வொரு செயலியும் ஒரு சட்டத்துக்குள் வந்து நிற்கிறது. இதைத்தான் விண்டோ, தமிழில் சாளரம் என்கிறார்கள். இணையவழியில் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் வீடுகளில், வகுப்பு தடுமாறுவதற்கு இந்தச் சட்டத்தின் அளவு பல நேரங்களில் காரணமாகிவிடுகிறது. உஸ்தாதின் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். முஸ்ஹஃப் பக்கம் அதன் பின்னால் மறைந்துவிடும். இரண்டுக்கும் மாறி மாறித் தாவும் பிள்ளைக்கு ஓத வேண்டிய இடம் தவறிப்போகும். உஸ்தாதோ பிள்ளை பாடம் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட முதல் விண்டோஸில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. தரையில் ஓடு பதித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். மேஜையில் தாள்களைப் போட்டதுபோல் ஒன்றை ஒன்று மறைக்கும் முறை 1987-ல் இரண்டாம் பதிப்பில் வந்தது. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது, சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்துவிட்டால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் வசதி கிடைத்தது. இதன் பெயர் ஸ்னாப். குர்ஆன் வகுப்புக்கு இதுவே போதும்.

செய்முறை எளிது. முஸ்ஹஃப் சாளரத்தின் மீது ஒருமுறை சொடுக்கிவிட்டு, விண்டோஸ் விசையை அழுத்தியபடி வலது அம்புக்குறியை அழுத்துங்கள். அது வலப் பாதியில் நிற்கும். விண்டோஸ் 10 முதல், மீதிப் பாதியில் எதை வைக்கலாம் என்று மற்றச் சாளரங்களைக் கணினியே காட்டும். வகுப்புச் சாளரத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் ஒன்று பெரிதாகும்போது மற்றது தானாகச் சிறிதாகும். ஓதுபவரின் கண் இருக்க வேண்டியது முஸ்ஹஃபில்தான். எனவே அதற்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுப்பது நல்லது. உஸ்தாதின் குரல் கேட்டால் போதும், முகம் சிறிதாக இருந்தால் குறைவில்லை. விண்டோஸ் 11-ல் மேல் வலது மூலையில் உள்ள மேக்ஸிமைஸ் பொத்தானின் மீது சுட்டியை வைத்தாலே பங்கீட்டு வடிவங்கள் படமாகத் தெரியும். விண்டோஸ் விசையுடன் இசட் அழுத்தினாலும் அவை வரும்.

ஹிஃப்ள் செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மனனம் செய்பவர் ஆயத்தைக் காதால் மட்டும் பிடிப்பதில்லை, கண்ணாலும் பிடிக்கிறார். “இந்த ஆயத் இடப்பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது வரியில் தொடங்கும்” என்பது அவர் உள்ளத்தில் படமாகப் பதிந்திருக்கும். மதீனாவின் மன்னர் ஃபஹ்து அச்சகம் வெளியிடும் முஸ்ஹஃப் 604 பக்கங்கள் கொண்டது. முதல் இரண்டு பக்கங்கள் நீங்கலாக, பக்கத்துக்கு 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆயத்தின் முடிவோடு முடியும். நம் மத்ரஸாக்களில் புழங்கும் 13 வரி, 16 வரிப் பிரதிகளுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. அதனால்தான் ஒரே பிரதியில் தொடர்ந்து ஓதும்படி உஸ்தாதுகள் வற்புறுத்துகிறார்கள்.

கணினியில் இந்த ஒழுங்கு கலைய வாய்ப்பிருக்கிறது. பல இணையதளங்களில் ஆயத்துகள் வெறும் எழுத்தாகவே இருக்கும். சாளரத்தின் அகலத்துக்கு ஏற்ப எழுத்து வழிந்தோடும். நேற்று வரியின் முடிவில் இருந்த சொல், இன்று சாளரத்தைச் சற்று அகலமாக்கியதும் வரியின் நடுவுக்கு வந்துவிடும். தர்ஜுமா படிப்பவருக்கு இதனால் பாதிப்பில்லை. மனனம் செய்பவருக்கோ தினமும் வேறொரு முஸ்ஹஃபில் ஓதுவதுபோல் ஆகும். ஆகவே ஹிஃப்ளுக்கு, பிள்ளை மத்ரஸாவில் ஓதும் அதே பிரதியின் பக்கங்கள் படமாக உள்ள பிடிஎஃப் கோப்பையே பயன்படுத்துங்கள். அதில் சாளரம் எந்த அளவில் இருந்தாலும் வரி மாறாது. முழுப் பக்கமும் தெரியும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சாளரத்தின் மேல் விளிம்பை இருமுறை சொடுக்கினால் அகலம் மாறாமல் உயரம் மட்டும் திரை முழுக்க நீளும். முஸ்ஹஃப் பக்கத்துக்கு மிகப் பொருத்தமான வடிவம் இது.

முஸ்ஹஃப் சாளரத்தை மினிமைஸ் செய்து கீழே அனுப்புவது மரியாதைக் குறைவா என்று சிலர் கேட்கிறார்கள். ஓதி முடித்து முஸ்ஹஃபை மூடி வைப்பது போன்றதே அது என்பது என் கருத்து. திறந்தபடி விட்டு அதன் மேல் விளையாட்டுக் காணொளியை ஓடவிடுவதைவிட அது மேல்.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சாளரத்தைப் பெரிதாக்குவதால் பயனில்லை. சாளரத்தின் அளவு வேறு, எழுத்தின் அளவு வேறு. இணையப் பக்கத்தில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், கழித்தல் குறியால் சிறிதாகும், பூஜ்யத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

அடிக்கடி பதற்றம் தருவது காணாமல் போகும் சாளரம். கீழ்ப்பட்டையில் அடையாளம் இருக்கும், சொடுக்கினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது திரையைக் கழற்றிய பிறகு இப்படி நேரலாம். கணினி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். ஆல்ட், டேப் விசைகளால் அந்தச் செயலிக்கு வாருங்கள். ஆல்ட்டுடன் இடைவெளி விசையை அழுத்தி, பிறகு எம் என்ற எழுத்தை அழுத்துங்கள். ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டுச் சுட்டியை அசைத்தால், சாளரம் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். எம் வேலை செய்யாவிட்டால் சாளரம் முழு அளவில் இருக்கிறது என்று பொருள். மீண்டும் ஆல்ட், இடைவெளி விசைகளை அழுத்தி, முதலில் ஆர் என்ற எழுத்தை அழுத்துங்கள். மூடும் பொத்தான்கூட இல்லாமல் உலாவி திரையை நிறைத்து நின்றால், யாரோ எஃப் 11-ஐத் தட்டியிருப்பார்கள். மறுபடி தட்டினால் சரியாகும்.

பிள்ளை தன் திரையை உஸ்தாதுக்குக் காட்டும்போது முழுத் திரையையும் பகிர வேண்டாம். அந்த ஒரு சாளரத்தை மட்டும் பகிரும் தெரிவு வகுப்புச் செயலிகளில் உண்டு. குடும்பத்துச் செய்திகள் திரையின் ஓரத்தில் திடீரென்று எட்டிப் பார்ப்பதை மற்றப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அவை வீட்டின் அமானிதம்.

ஒரு செயலி எப்போதும் முழு அளவில் திறக்க வேண்டுமானால், முகப்பிலுள்ள அதன் குறுக்குவழியை வலது சொடுக்கிட்டு, ப்ராப்பர்டீஸ் பகுதியில் ரன் என்ற இடத்தில் மேக்ஸிமைஸ்டு என்று மாற்றலாம். சில செயலிகள் இதற்குக் கட்டுப்படாது. அவற்றை விரும்பிய அளவில் நிறுத்தி மூடிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த வகுப்புக்கு அதே அளவில் திறக்கும்.