கூடம் கோணலா?

அமெரிக்கக் கார்த் தொழில் சரிந்ததற்குத் தொழிலாளிதான் காரணம்னு எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டுப் போனார். நான் ஒரே ஒரு ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்: கலிபோர்னியாவில் இருக்கிற ஃபிரிமாண்ட்!

அங்கே ஜெனரல் மோட்டார்சுக்கு ஓர் ஆலை. வேலைக்கு வராதவர்கள் ஏராளம். குடிச்சுட்டு வர்றவங்களும் உண்டு. 1982இல் மூடினார்கள். 1984இல் ஜப்பானின் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தது யாரை? பெரும்பாலும் அதே பழைய ஆட்களை! அதே சங்கம்!

என்னய்யா மாறிச்சு? முன்பு குறை இருந்தாலும் வரிசை நிற்கக் கூடாது. இப்போது தலைக்கு மேலே ஒரு கயிறு. தப்பு கண்ணில் பட்டால் தொழிலாளி இழுக்கலாம். உதவிக்கு ஆள் ஓடிவரும். தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். சீக்கிரமே தரமான ஆலை என்று பேர் வாங்கிவிட்டது!

அந்தப் பாடத்தை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக நிர்வாகத்துக்கு ஆமை வேகம். 2009 ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனுக் கொடுத்தது. ஓய்வூதியச் சுமை நெரித்தது என்கிறார் நண்பர். உண்மைதான். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யாரு? நிர்வாகமும்தானே!

2010இல் ஃபிரிமாண்ட் கூட்டாலையும் மூடியது. அதே ஆண்டு டெஸ்லா வாங்கியது. இன்று அங்கே மின்சாரக் கார் செய்கிறார்கள். எந்தக் கார் வந்தாலும் சரி, தப்பைச் சொல்கிறவனுக்கு மரியாதை இருக்கிற ஆலைதான் பிழைக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் நேராகத்தான் இருந்தது, நடுவர் அவர்களே!