சுவர்க்கோழியின் குரலும் வயிற்றுச் சோறும்



போன வாரம் மழை பெய்து ஓய்ந்த ராத்திரி. கரண்ட் இல்லை. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்மாய்ப் பக்கமிருந்து சுவர்க்கோழிச் சத்தம் காதை அடைத்தது. பேரன் கேட்டான்: "தாத்தா, ஒண்ணு சத்தமாக் கத்துது, ஒண்ணு மெதுவாக் கத்துது. ஏன்?" 34 வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததில் என் பழைய தப்பு ஒன்றும் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இரைகிற பூச்சியையெல்லாம் சில்வண்டு என்றே சொல்லிவிடுவோம். கோடை வெயிலில் மரத்தில் உட்கார்ந்து விடாமல் இரைவது வேறு இனம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தைச் சொல்லும்போது வருகிற சிள்வீடு என்பதற்கு உரைகாரர்கள் சிள்வண்டு என்றே பொருள் எழுதினார்கள். நான் சொல்வது ராத்திரியில் பாடும் சுவர்க்கோழியை. பாடுவது ஆண் மட்டும்தான், அதுவும் வாயால் அல்ல. ஒரு இறக்கையில் ரம்பப் பல் போல ஒரு நரம்பு இருக்கிறது. மற்ற இறக்கையின் விளிம்பு அதில் உரசும்போது, இறக்கையிலுள்ள மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழும்புகிறது. அந்தச் சவ்வுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் யாழ். பெண் பூச்சிக்குக் காது முன்னங்காலில்.

இந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று மனிதன் புரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1897இல் அமெரிக்க இயற்பியலாளர் டால்பியர், சுவர்க்கோழி நிமிஷத்துக்கு எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணினால் அன்றைய வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கு அது ஒரு தெர்மாமீட்டர். 1913இல் ரேகன் என்ற ஆய்வாளர், ஆண் பூச்சியின் பாட்டை டெலிபோன் வழியாக அனுப்பினார். பெண் பூச்சி ரிசீவரைத் தேடி நடந்து வந்தது. ஆணின் வாசனையும் இல்லை, உருவமும் இல்லை. பாட்டு மட்டுமே அழைப்பு என்பது அப்போது உறுதியாயிற்று.

அந்தப் பாட்டில் சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது என்பது தெரிய இன்னும் 90 வருஷம் ஆனது. 2003இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயல் சுவர்க்கோழிகளைச் சோதித்து எழுதினார்கள். குஞ்சுப் பருவத்தில் நன்றாகத் தின்ற ஆணுக்கு யாழ் பெரிதாக வளர்கிறது, குரல் கனத்து வருகிறது. பெண்கள் விரும்புவதும் அந்தக் கனத்த குரலைத்தான். கடைசித் தோலை உரித்த பிறகு இறக்கை வளராது. ஆகவே சின்ன வயசுப் பட்டினி குரலின் சுருதியில் சாகிற வரைக்கும் நின்றுவிடுகிறது. வளர்ந்த பிறகு கிடைக்கும் தீனி வேறொன்றைத் தீர்மானிக்கிறது: எவ்வளவு நேரம் பாட முடியும் என்பதை. சுருதி பழைய சாப்பாட்டையும், பாடும் நேரம் இன்றைய சாப்பாட்டையும் சொல்கிறது.

நல்ல தீனிக்கும் ஒரு விலை உண்டு. 2004இல் ஆஸ்திரேலியக் கறுப்புச் சுவர்க்கோழிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. புரதம் அதிகமுள்ள தீனி தின்று வளர்ந்த ஆண்கள், இளமையிலேயே தெம்பையெல்லாம் பாட்டில் கொட்டிவிட்டுச் சீக்கிரம் செத்துப்போயின.

அப்படியானால் சின்ன உருவமாகப் போன பூச்சியின் கதி என்ன? இதற்குப் பதில் நம்மைப் போன்ற வறண்ட சீமையிலிருந்தே வந்தது. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு மரச்சுவர்க்கோழி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் அதைப் பல வருஷமாக ஆராய்ந்தார்கள். சில ஆண்கள் இலையைக் கடித்து ஓட்டை போட்டு, அதில் உடம்பை நுழைத்து, இறக்கையை இலையோடு ஒட்டினாற்போல விரித்துப் பாடுகின்றன. இலை தடுப்பாக நின்று சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. ஒரு ஆப்பிரிக்க இனம் இப்படிச் செய்வதை 1975லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்த ஆண் இதைச் செய்கிறது என்று 2020இல் காட்டியது இந்தக் குழுதான். பெரிய, குரல் பலத்த ஆண்கள் பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை. ஓட்டை போடுவது உருவமும் குரலும் சிறுத்தவை. அப்படிப் பாடினால் அவற்றையும் பெண்கள் தேடி வருகின்றன.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1983. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான். ஏழாம் வகுப்பு. செய்யுளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் ஒரு பையனுக்குக் குரலே எழும்பாது. "தொண்டையில என்னடா அடைச்சிருக்கு?" என்று கேட்டு, வகுப்பு முழுக்கச் சிரிக்க, பெஞ்ச் மேல் ஏற்றினேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. மானாவாரி பொய்த்த வருஷம் அது. காலையில் நீராகாரம், சில நாள் அதுவும் இல்லாமல் வந்திருக்கிறான் என்று பிறகுதான் அவன் அம்மா சொல்லித் தெரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பத்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு அது 1984இல் வந்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

பூச்சி வேறு, பிள்ளை வேறு. பிள்ளைக்குச் சோறு போட மனிதர்கள் இருக்கிறோம். 1956இல் நம் விருதுநகர்க்காரர் காமராஜர் மதிய உணவை ஆரம்பித்ததும், 2022இல் பள்ளியில் காலை உணவு வந்ததும் அதனால்தான். சுவர்க்கோழிக்கு அந்த வழி இல்லை. அது தானே இலையைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் குரல் எழும்பவில்லை என்றால், அதட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதுதான்.

அந்தத் தம்பியோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பேரை இங்கே எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாத்தியார்