உளி முதல் அலைனர் வரை: ஆனைமலையிலும் ஏலமலையிலும் பல் திருத்தம்

பல்லின் வடிவத்தைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்ட வழக்கம் தென்னிந்தியாவில் மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது ஆனைமலையின் காடர் பழங்குடியினரிடம்தான். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும் இந்த மலைத்தொடர் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் வழியாக மூணாறு வரை நீண்டு, அதற்கப்பால் ஏலமலையோடு சேர்கிறது. தமிழ்நாட்டின் கோவை, திருப்பூர், தேனி மாவட்டங்களும் கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம், இடுக்கி மாவட்டங்களும் இந்த மலைகளைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. தேன், குங்கிலியம், ஏலக்காய், பிரம்பு ஆகியவற்றைச் சேகரித்து வாழ்ந்த காடர்கள், மாநில எல்லைகள் வரையப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் காடுகளில் இருந்தவர்கள்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் வெளியான தமது ஏழு தொகுதி நூலில் காடர்களின் பல் செதுக்கும் முறையை விரிவாக எழுதியுள்ளார். மூக்கையும் தலையையும் அளந்து மனிதரைத் தரவரிசைப்படுத்திய அவருடைய ஆய்வு முறை இன்று ஏற்கத்தக்கதல்ல. ஆயினும் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதிவைத்த விவரங்களுக்கு மதிப்பு உண்டு. அதே 1909-இல், பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி அரசின் பழங்குடிகளையும் சாதிகளையும் பற்றிய தமது நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதிலும் காடர்கள் இடம்பெற்றனர். பின்னர் ஆஸ்திரியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்த எரன்ஃபெல்ஸ், கொச்சிக் காடர்களைப் பற்றியே ஒரு தனிநூலை 1952-இல் எழுதினார்.

தர்ஸ்டன் தரும் விவரம் இது. மேலும் கீழும் உள்ள முன்பற்கள் எல்லாமோ சிலவோ கூம்பு போலக் கூர்மையாக்கப்படும். இதைச் செய்வதற்கென்று தேர்ந்த கை உள்ளவர்கள் காடர்களுக்குள்ளேயே இருந்தார்கள். உளி அல்லது வெட்டுக்கத்தியோடு அரமும் பயன்பட்டது. பையன்களுக்கும் பெண்களுக்கும் இது உண்டு. பெண்ணைப் படுக்கவைத்து, தோழி ஒருத்தி தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருத்தி பல்லைச் சிறிது சிறிதாகச் செதுக்குவாள். படுத்திருப்பவள் வலியில் துடித்து முனகுவாள். முடிந்த சில மணி நேரத்தில் முகம் வீங்கத் தொடங்கும். வீக்கமும் வலியும் கடுமையான தலைவலியும் ஓரிரு நாள் நீடிக்கும். இவ்வளவு துன்பத்தையும் ஏற்றதற்குக் காடர்கள் சொன்ன காரணம் அழகுதான். கூரிய பல் அழகில்லாதவரையும் அழகாக்கும் என்றும், செதுக்காத பல்லோடு இருப்பவர் மாட்டைப் போல மெல்லுகிறார் என்றும் அவர்கள் தர்ஸ்டனிடம் கூறினார்கள்.

திருவிதாங்கூரின் மலைவேடர்களிடமும் பல் செதுக்கும் வழக்கம் இருந்தது. எனவே இது ஒரு குழுவுக்குள் திடீரென்று தோன்றியதாக இருக்காது, தென்னிந்தியக் காடுகளில் ஒருகாலத்தில் பரவலாக இருந்த வழக்கத்தின் எச்சமாக இருக்கலாம் என்று தர்ஸ்டன் கருதினார். காடர் பெண்கள் கொண்டையில் செருகும் மூங்கில் சீப்பும், மரத்தில் மூங்கில் முளைகளை அடித்து அவற்றின்மேல் ஏறித் தேன் எடுக்கும் முறையும் மலாய்த் தீவுகளின் பழங்குடிகளை நினைவூட்டுவதையும் அவர் குறித்துவைத்தார். பல்லை அராவும் சடங்கு பாலித் தீவின் இந்துக்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே மேல் வரிசையில் நான்கு முன்பற்களும் இரண்டு கோரைப்பற்களும் ஆக ஆறு பற்களின் முனை அரத்தால் தேய்த்துச் சமமாக்கப்படும். காமம், குரோதம் முதலான ஆறு உட்பகைகளை அடக்குவதற்கான அடையாளம் அது. காடர்கள் பல்லைக் கூராக்கினார்கள், பாலியினர் கூரை மழுக்குகிறார்கள். நோக்கம் வேறானாலும், பல்லின் வடிவில் கைவைத்தது இரண்டு இடத்திலும் பொது.

செதுக்கியபின் வீக்கம் ஏன் வந்தது என்பதைப் பல்லின் அமைப்பே விளக்கும். பல்லின் மேலோடான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதற்கு உயிரணு இல்லை, போனால் வளராது. அதன் அடியில் உள்ள தந்தினி, நுண்ணிய குழல்கள் நிறைந்தது. அந்தக் குழல்கள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பல்கூழ் வரை செல்கின்றன. உளி எனாமலைத் தாண்டியதும் சூடும் குளிரும் நேரே நரம்பைத் தாக்கும். அடியின் அதிர்ச்சி வேரைச் சுற்றியுள்ள தசைநாரையும் புண்படுத்தும். ஒருமுறை செய்த மாற்றம் ஆயுளுக்கும் நிற்கும் என்பது இதன் சிறப்பு. திரும்பிப் போக வழியில்லை என்பது இதன் கொடுமை.

காட்டுக்குள் வெளியுலகம் நுழைந்த காலமும் இந்த வழக்கம் தேய்ந்த காலமும் ஒன்றே. பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. பின்னாளில் பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்தன. கூலி வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் இறங்கிவந்த தலைமுறை, சமவெளியின் அழகு இலக்கணத்தைத் தனதாக்கிக்கொண்டது. இன்றைய காடர் இளைஞர்களிடம் செதுக்கிய பல் இல்லை.

தெற்கே கண்ணன் தேவன் மலைகளில் நடந்தது வேறு கதை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து அந்த மலைகளைப் பெற்றபின், திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானது. தோட்டத்தில் மருத்துவ வசதி தரும் கடமையை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிமேல் வைத்தது. ஆனால் பல்லைப் பொறுத்தவரை நாடெங்கும் இருந்த நிலைதான் அங்கும். வலித்தால் பிடுங்குவார்கள், தெத்துப்பல்லும் எடுப்பான பல்லும் பிறவி அமைப்பு என்று விடப்படும். பல் மருத்துவக் கல்வியே தாமதமாக வந்த நாடு இது. கல்கத்தாவில் ஆர். அகமது 1920-இல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னையில் 1953-இலும் திருவனந்தபுரத்தில் 1959-இலும் அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. பல் சீரமைப்பு வல்லுநர்களின் இந்தியச் சங்கம் 1965-இல் அமைந்தது. ‘கம்பி கட்டுவது’ மலையடிவார ஊர்களுக்கு எட்டியது அதற்கும் வெகுகாலம் கழித்தே.

பல்லை வெட்டாமல் நகர்த்தலாம் என்ற எண்ணம் மட்டும் மிகப் பழையது. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ், பால்பல் விழுமுன் புதுப்பல் முளைத்தால் பால்பல்லை எடுத்துவிட்டு, புதுப்பல்லை அதன் இடத்துக்கு வரும்வரை தினமும் விரலால் தள்ளச் சொன்னார். 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபோஷார் உலோகப் பட்டையில் பல்லைக் கட்டி இழுத்தார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் பல்வரிசைக் கோளாறுகளை வகைப்படுத்தி, இதைத் தனித்துறையாக்கினார். பல் எப்படி நகர்கிறது என்பதை ஸ்வீடனின் சாண்ட்ஸ்டெட் 1904-வாக்கில் நாய்களிடம் செய்த சோதனைகளில் கண்டார். பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவே அகலமுள்ள தசைநார்ப் படலம் இருக்கிறது. அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுக்கப்படும் பக்கத்தில் புது எலும்பு படிகிறது. அழுத்தம் மிகுந்தால் இரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதி செத்துப்போகும், பல் நகர்வதும் தடைப்படும். மெல்லிய விசை, நீண்ட நேரம் என்பதே இந்தத் துறையின் அடிப்படை விதி.

எத்தனை மணி நேரம் என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. விடாத அழுத்தம் சுமார் நான்கு மணி நேரம் தொடர்ந்தபின்தான் படலத்தின் உயிரணுக்களில் எலும்பைக் கரைக்கும் வேதிச் செய்திகள் உயரத் தொடங்குகின்றன. மெல்லும்போது பல்மேல் விழும் விசை பல மடங்கு பெரிது, ஆனாலும் நொடிப்பொழுதில் நீங்கிவிடுவதால் பல் நகர்வதில்லை. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் பலன் அநேகமாக இல்லை, அதற்குமேல் நேரம் கூடக் கூடப் பலனும் கூடும். ஒட்டவைத்த கம்பி 24 மணி நேரமும் வேலை செய்வது இதனால்தான். கழற்றும் கருவிகளின் வரலாறோ மணி நேரத்தோடு நடந்த பேரமாகவே இருந்திருக்கிறது. நார்வேயில் பணியாற்றிய ஆண்ட்ரேசன் 1908-இல் தம் மகளுக்குக் கொடுத்த தட்டிலிருந்து வளர்ந்த கருவி இரவில் மட்டும் அணிவது. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய ‘இரட்டைக் கட்டை’ என்ற கருவியைச் சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது.

பல்வரிசைமேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டான அலைனரின் முன்னோடி ரப்பரில் பிறந்தது. அமெரிக்காவின் கெஸ்லிங் 1945-இல், அச்சு எடுத்த பற்களை மெழுகில் திருத்தி அடுக்கி, அதன்மேல் வார்த்த ரப்பர் உறையால் பற்களை அந்த இடத்துக்குத் தள்ளினார். சிறுசிறு மாற்றங்களோடு உறைகளை வரிசையாக மாற்றினால் பெரிய நகர்வும் சாத்தியம் என்று அன்றே எழுதினார். 1964-இல் நகூம் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை வெற்றிடத்தால் அச்சின்மேல் இழுத்து ஒட்டவைக்கும் முறையைச் செய்துகாட்டினார். கையால் ஒவ்வோர் அச்சையும் திருத்தும் உழைப்பே தடையாக நின்றது. அந்தத் தடையைக் கணினி உடைத்தது. லாகூரில் வளர்ந்த ஜியா சிஷ்டி, பெரியவரானபின் பல் சீரமைப்புச் செய்துகொண்டவர். சிகிச்சைக்குப் பிந்தைய தாங்கு தட்டை அணியாதபோது பல் விலகுவதையும், அணிந்ததும் திரும்புவதையும் கவனித்தார். 1997-இல் கெல்சி வெர்த்துடன் சேர்ந்து அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் அலைனரான இன்விசலைனுக்கு அமெரிக்க அனுமதி 1998-இல் கிடைத்தது. அதன் அடிப்படைக் காப்புரிமைகள் பல 2017-இல் காலாவதியானதும் வேறு நிறுவனங்களும் களத்தில் இறங்கின.

ஒவ்வொரு அலைனரும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் வரைதான் நகர்த்தும். இடம் போதாவிட்டால் பற்களுக்கிடையே எனாமலைச் சற்றே தேய்ப்பதும் உண்டு. காடரின் உளி எடுத்ததற்கு முன் அது துளியளவு. பிளாஸ்டிக், போட்ட முதல் நாளிலேயே தன் இறுக்கத்தில் பெரும்பகுதியை இழக்கத் தொடங்குகிறது. கழற்றிவைத்த நேரத்தில் பல் பழைய இடம் நோக்கி நழுவுகிறது. ஆகவேதான் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் என்ற கணக்கு. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு மாற்றினார்கள், 2016 முதல் பலருக்கு வாரம் ஒன்று என்றானது. தட்டின் ஆயுள் பாதியானபோது அணியும் நேரத்தின் முக்கியத்துவம் இன்னும் கூடியது. 2008-இல் பதின்பருவத்தினருக்கான தட்டுகளில், அணிய அணிய நிறம் மங்கும் நீலப் புள்ளிகளை வைத்தார்கள். கழற்றும் கருவிகளில் நுண்ணிய வெப்ப உணரியைப் பதித்துப் பார்த்த ஆய்வுகளில், மருத்துவர் சொன்ன நேரத்தைவிட மக்கள் குறைவாகவே அணிவது வெளிப்பட்டது.

மலையில் வாழ்பவருக்கு 22 மணி நேரம் என்பது எளிதல்ல. மிச்சம் 120 நிமிடம்தான். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத் தலா 25 நிமிடம், இரண்டு தேநீருக்குத் தலா 15, பல் துலக்க 15 என்று வைத்தாலே அது தீர்ந்துவிடும். குளிர் மிகுந்த மூணாறு, தேவிகுளம் பக்கத்தில் நாளுக்கு இரண்டு தேநீரோடு நிற்பவர் குறைவு. சூடான தேநீரைத் தட்டோடு குடித்தால் பிளாஸ்டிக் நெளியும், கறையும் பிடிக்கும். சர்க்கரை பல்லுக்கும் தட்டுக்கும் நடுவே தேங்கிச் சொத்தையாகும். நாள் முழுதும் வெற்றிலை போடுபவருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது என்றே சொல்லிவிட வேண்டும். வேறொரு வகையில் அலைனர் மலைவாசிக்கு உதவுகிறது. கம்பி அறுந்தாலோ குத்தினாலோ போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ, பறம்பிக்குளத்திலிருந்து பொள்ளாச்சிக்கோ அவசரமாக ஓட வேண்டியதில்லை. அடுத்த தட்டுகளை மொத்தமாகக் கையில் வாங்கிக்கொண்டு மலையேறலாம். தட்டு தொலைந்தால், மருத்துவரிடம் கேட்கும்வரை முந்தைய தட்டை அணிந்து பல் நழுவாமல் காக்கலாம். செலவு மட்டும் தோட்டக் கூலியில் அடங்குவதல்ல. அங்கே கம்பிதான் இன்னும் நியாயமான வழி. மிகவும் சுழன்ற பல்லுக்கும், பற்களைப் பிடுங்கிப் பெரிய இடைவெளியை மூட வேண்டிய வாய்க்கும்கூடக் கம்பியின் பிடியே உறுதியானது.

நகர்த்திய பல் செதுக்கிய பல்லைப் போலத் தானாக நிற்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள எலும்பு உறுதிப்பட மாதங்கள் ஆகும், ஈறுகளின் நார்கள் பழைய நிலையை மறக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எனவே கடைசித் தட்டு முடிந்தபின் தாங்கு தட்டை முதல் சில மாதங்களுக்கு ஏறக்குறைய முழுநேரமும், பின்னர் பல ஆண்டுகள் இரவில் மட்டும் அணிய வேண்டும்.