நான்கு எல்லைக்குள்: தாம்பரத்து வீடுகளும் தரகர்களும் பெண்களும்

என்னிடம் இருப்பது ஜெராக்ஸ் மட்டும். மூலப்பத்திரம் 2019இல் வீட்டோடு சேர்ந்து வாங்கியவர் கைக்குப் போய்விட்டது. 1978ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் அது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிரவுண்ட் மனை, 2,400 சதுர அடி. வாங்கியவர் என் அம்மா. பத்திர எழுத்தர் அவரை இப்படி எழுதியிருக்கிறார்: இன்னாருடைய மனைவி, வயது 34. அம்மா அப்போது சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மனைக்கான பணத்தில் பாதிக்கு மேல் அவருடைய சம்பளத்திலிருந்தும் சீட்டுப் பணத்திலிருந்தும் வந்தது. அந்த வேலை பத்திரத்தில் இல்லை. விற்றவருக்கு 'விவசாயம்' என்று தொழில் இருக்கிறது. அப்பா அந்தக் கிரயத்தில் ஒரு தரப்பே இல்லை. ஆனாலும் அவருக்குத் தகப்பனார் பெயரும் உத்தியோகமும் உண்டு.

தமிழில் முனைவர் பட்டத்துக்காக வருடக்கணக்கில் பழைய உரைகளோடு மல்லுக்கட்டியவள் நான். பத்திரத் தமிழை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது அதைப் படிக்கும்போது அதற்கும் ஓர் இலக்கணம் இருப்பது தெரிகிறது. நிலத்துக்கு நான்கு எல்லை சொல்லும் மரபு அதில் ஒன்று: இன்னார் மனைக்குக் கிழக்கு, இருபது அடிச் சாலைக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு. அம்மாவின் மனைக்கு எல்லையாக வரும் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. பெண்ணுக்கும் அப்படித்தான் எல்லை சொல்கிறார்கள்: இன்னார் மகள், இன்னார் மனைவி.

அந்த மனையைக் காட்டியவர் ஒரு தரகர். பழைய கர்ணம் குடும்பத்தில் பிறந்தவர் என்று அம்மா சொல்வார். சர்வே எண்களை மனப்பாடமாக ஒப்பிப்பாராம். தரகு ஒன்றும் நேற்று வந்த சொல் அல்ல, பல்லவர் செப்பேடுகளின் வரிப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஆனால் வீட்டுத் தரகர் என்ற ஆள் எங்கள் ஊருக்கு ரயிலோடு வந்தவர்.

தாம்பரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களின் நடுவே இருந்தது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக சானடோரியம் தொடங்கினார். 1931இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டது. 1937இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே இடம் மாறியது. நகரத்தில் வேலை, நகரத்துக்கு வெளியே வீடு என்ற வாழ்க்கை மாதச் சம்பளக்காரர்களுக்கு அதற்குப் பிறகுதான் கைகூடியது. மீட்டர்கேஜ் வண்டி 2004 வரை ஓடியது. அதன் பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டும் வந்தவர்களில் அம்மாவும் ஒருவர்.

ஏரிக்குக் கீழிருந்த வயல் மனையானபோது நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்டார், தரகர் கமிஷன் வாங்கினார், சம்பளக்காரர் குடிவந்தார். அந்த வயலில் நாற்று நட்டவர்கள் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். எந்த வில்லங்கச் சான்றிதழிலும் அவர்களைத் தேட முடியாது. எங்கள் வீடு கட்டியபோது செங்கல் சுமந்த ஒரு ஆயா, 'இந்த இடத்துல நான் களை எடுத்திருக்கேன்' என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா இதை ஒரு வேடிக்கையைப் போலத்தான் எங்களுக்குச் சொல்வார். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றாமல் போக வெகுகாலம் ஆனது.

மனைவி பெயரில் வாங்குவது எங்கள் தெருவில் சாதாரணம். கணவருக்கு ஏற்கெனவே ஒரு மனை இருக்கும், கடன்காரர் பயம் இருக்கும், 'மகாலட்சுமி பேருல வாங்கினா விளங்கும்' என்ற நம்பிக்கையும் இருக்கும். சட்டம் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. கணவன் பணம் கொடுத்து மனைவி பெயரில் வாங்கினால் அதை அவளுக்குத் தந்த கொடை என்று ஊகிப்பது ஆங்கிலேயர் சட்டத்தின் வழக்கம். நம் நீதிமன்றங்கள் அந்த ஊகத்தை இங்கே ஏற்கவில்லை. பணம் யாருடையதோ சொத்தும் அவருடையது என்றன. 1988ஆம் ஆண்டு பினாமிச் சட்டம்தான், மனைவி பெயரிலும் மணமாகாத மகள் பெயரிலும் வாங்கியது அவர்கள் நன்மைக்கே என்று, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கொள்ளச் சொன்னது. பணம் அந்தப் பெண்ணுடையதாகவே இருந்தால் என்ன என்ற கேள்வி எங்கள் தெருவில் யாருக்கும் எழுந்ததில்லை. 'வாத்தியாரம்மா பேருல சார் வாங்கிக் குடுத்த வீடு' என்றுதான் எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொன்னார்கள்.

தாம்பரத்திலிருந்து அதே தண்டவாளத்தில் தெற்கே போனால் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மின்சார ரயில் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு. ரயில் வந்துவிட்டது, தீர்மானம் எங்கள் தெருவுக்கு வந்துசேர அறுபது வருடம் ஆனது.

நடுவில் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்றது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முடிவுசெய்யும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மகள் அங்கே தங்கலாம். அதுவும் மணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, கணவனைப் பிரிந்தவளாக, விதவையாக இருந்தால். கணவனோடு நன்றாக வாழும் மகளுக்குப் பிறந்த வீட்டில் சட்டப்படி ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்லை. இந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2005இல்.

குரோம்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டை 1996இல் விற்றார்கள். தாத்தா உயில் எழுதவில்லை. அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள். விற்பது என்று அண்ணன் தம்பி முடிவெடுத்துவிட்டதால் 23ஆம் பிரிவின் தடைகூட இனி இல்லை, அத்தைகளுக்கு ஆளுக்குக் கால்பங்கு உண்டு. அதை வீட்டில் முதலில் சொன்னவர் தரகர்தான். 'சார், தங்கச்சிங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பார்ட்டி அட்வான்ஸ் குடுப்பாரு. பேங்க் வக்கீல் கேப்பாரு.' பங்கு என்று அவர் சொல்லவில்லை, கையெழுத்து என்றார்.

1989இல் தமிழ்நாடு தன் திருத்தத்தைக் கொண்டுவந்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்றது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டமும் அந்த உரிமையைத் தந்தது, மணமான மகள்களையும் சேர்த்து. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. பெண்ணிய வரலாற்றில் இவை பெரிய நாள்கள், நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் தாம்பரத்துத் தெருக்களுக்குள் வந்த வழி தரகரின் வழி. மகளுக்கு உரிமை உண்டு என்றால், மகளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்காவிட்டால் வீடு விலைபோகாது. ஊரில் எந்த வீட்டில் எத்தனை பெண்கள், எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தரகர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பெண்ணின் பங்கை யாரும் மறக்கவில்லை. மறக்காததால்தான் விடுதலைப் பத்திரம் வேகமாகத் தயாரானது.

பத்திரத் தமிழில் இது ஒரு விசித்திரமான சொல். சொத்திலிருந்து தன் பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறவர் 'விடுதலை' எழுதிக்கொடுக்கிறார். அத்தைகள் இருவரும் சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அப்போது நான் பிளஸ் டூ. எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி மனப்பூர்வமாக எழுதிக்கொடுப்பதாக எழுத்தர் வேகமாகப் படித்தார். ஆளுக்கு 5,000 ரூபாயும் ஒரு புடவையும். பெரிய அத்தை கையெழுத்துப் போட்டார். சின்ன அத்தை, 'அண்ணா, மொத்தம் எவ்வளவுக்குப் போகுது?' என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. 'உனக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சேம்மா, நாளைக்கு ஒண்ணுன்னா அண்ணன் வேணாமா?' என்றார் தரகர், அவரே ஒரு பெரியப்பா போல. அத்தை கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று அப்பாவுக்குப் புரியவே இல்லை, அல்லது புரியாததுபோல் இருந்தார்.

விற்பனை எப்போதாவது நடப்பது. தரகருக்கு அன்றாடம் சோறு போட்டது வாடகை. வீடு முடித்துக்கொடுத்தால் ஒரு மாத வாடகை கமிஷன். டீக்கடை பெஞ்சும் இஸ்திரி வண்டியும்தான் அலுவலகம். இந்த இரண்டு இடத்திலும் ஒரு பெண் நின்று விலை பேசிப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டைக் காலிசெய்தபின் கழுவி வைப்பது, பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது, தண்ணீர் எந்த நேரம் வரும் என்று சொல்வது, வாடகை தாமதமானால் மாடிப்படியில் நின்று கேட்பது எல்லாம் ஹவுஸ் ஓனரம்மாவின் வேலை. கணவர் போனபின் மாடிப் போர்ஷன் வாடகையில் வாழ்ந்த பெண்கள் எங்கள் தெருவில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வாடகைதான் பென்ஷன்.

அதனால்தான் ஆளைப் பார்த்து விடுவது என்ற வேலையும் அவர்கள் கையில் இருந்தது. என் அம்மாவும் செய்தார். 1984இல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி மண்டலம் வந்தது. அங்கே வேலைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் வந்தார்கள். ஒருநாள் தரகர் மூன்று பெண்களைக் கூட்டிவந்தார். அம்மா காப்பி கொடுத்தார், ஊர் கேட்டார், யாராவது ஆம்பிளை வந்து பேசுவாங்களா என்று கேட்டார், ராத்திரி ஷிஃப்ட் உண்டா என்று கேட்டார். அவர்கள் போனபின் தரகரிடம், 'ஃபேமிலியா பாருங்க' என்றார். இன்னொரு கேள்வியை அம்மா நேரே கேட்கவில்லை. 'என்ன ஆளுங்க?' என்பதைத் தரகரிடம் தனியாகக் கேட்டார். தரகர் அதற்குத்தான் இருக்கிறார். ஓனர் வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுவதைக் கேட்கவும், 'வீடு முடிஞ்சிடுச்சு' என்று பொய் சொல்லவும். வெஜிடேரியனா என்ற கேள்வி எதைக் கேட்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். என் தோழி ஒருத்திக்கு அவள் பெயரைச் சொன்னதுமே வீடுகள் முடிந்துவிடும்.

என் முறை பிறகு வந்தது. திருமண வாழ்க்கையை முடித்துக்கொண்டு மூன்று வயது மகளோடு குரோம்பேட்டையில் வீடு தேடினேன். கல்லூரி வேலை, மாதச் சம்பளம், பத்து மாத அட்வான்ஸ் கையில். ஐந்தாவது வீட்டு வாசலில் தரகர் மெதுவாகச் சொன்னார்: 'மேடம், கேட்டா சார் துபாய்ல இருக்காருன்னு சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்.' அவர் கெட்டவர் அல்ல, எனக்கு வீடு கிடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். நான் சொன்னேன். இரண்டு வருடம் இல்லாத ஒருவருக்காக வீட்டு ஓனரம்மாவிடம் நலம் சொல்லிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு அவர் ஏன் வரவில்லை என்று கேட்டபோது லீவு கிடைக்கவில்லை என்றேன்.

2019இல் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவுசெய்ய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. யாருக்கு வீடு மறுக்கப்படுகிறது என்று கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொன்னது. அது பதிவுபெற்ற திட்டங்களில் மனையும் ஃபிளாட்டும் விற்பவர்களுக்கு. இஸ்திரி வண்டி பக்கத்தில் நிற்பவரை அது தொடவில்லை. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நல்லதுதான். தாம்பரத்தில் 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று இங்கே வீடு தேடியவர்களைக் கேளுங்கள்.

அம்மாவின் வீட்டை விற்றது அப்பா போய் நான்கு வருடம் கழித்து. அம்மாவுக்கு 75 வயது. தரகர் பழையவரின் மகன், கையில் டேப்லெட். எங்கள் ஹாலில் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தே பேசினார். விலை அண்ணனிடம், தேதி அண்ணனிடம். கடைசியில், 'சாரும் மேடமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டா பார்ட்டிக்கு ஒரு திருப்தி' என்றார்.

'எதுக்கு?' என்றார் அம்மா.

'வாரிசுங்க இல்லீங்களாம்மா?'

'நான் உயிரோடதானே இருக்கேன்? என் பேருல இருக்கற வீட்டை நான் விக்கறேன். இவங்க எதுக்கு விட்டுக்குடுக்கணும்?'

சட்டப்படி அம்மா சொன்னது சரி. அண்ணனும் நானும் சாட்சிகளாக மட்டும் போட்டோம். பதிவு நாளன்று எழுத்தர் கணினியில் அடித்த வரைவை அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரிவரியாகப் படித்தார். காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, வயது 75. அங்கே விரலை வைத்து, 'ஓய்வுபெற்ற ஆசிரியைன்னு சேருங்க' என்றார்.

'அதெல்லாம் தேவையில்லம்மா, ஆதார் நம்பர் இருக்கே.'

'இருக்கட்டும். சேருங்க.'

ஒரு வரி கூடியதில் முதல் பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கியது. மறுபடி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் டோக்கன் நேரம் நெருங்கிவிட்டதென்று தரகர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கைரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் கமிஷனுக்கு அண்ணன் பக்கம் திரும்பினார். அம்மா அதற்குள் கைப்பையைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்துவிட்டிருந்தார். உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று தரகரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.