புன்னக்காயல் திருச்சபையும் தமிழ் உரைநடையும்

பொருநை கடலோடு கலக்கும் புன்னக்காயலில் திருச்சபை வேரூன்றியது தமிழ் உரைநடையின் துணையால் எனலாம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-37 ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் வந்த சவேரியார் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். எனினும் மறையுரைக்கு மொழிபெயர்ப்பாளரையே நம்ப வேண்டியிருந்தது. 1547இல் கரைசேர்ந்த போர்த்துகீசியத் துறவி அன்றீக்கு அடிகளார் அக்குறையைப் போக்கினார். தமிழ் கற்றுத் தாமே உரையாற்றினார், இலக்கணமும் வரைந்தார். கொல்லத்தில் 1578இல் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களைக் கடந்தது. அது புன்னக்காயலிலேயே அச்சேறியதென்பர். செய்யுளையே இலக்கியமெனப் போற்றிய புலவருலகம் அப்பேச்சுநடையைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அடிகளார் 1600இல் மறைந்தார். நூலும் இம்மண்ணில் மறக்கப்பட்டது. வத்திக்கான் நூலகம் காத்த படியைக் கொண்டு இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் பதிப்பித்த பின்னரே தமிழர் கைக்கு மீண்டது.